சாப்பிடுவதைப் பார்க்க வந்த டாக்டர்

கிள்ளானில் எங்கள் வீட்டுக்கு வந்தவர்களில், ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல், நாங்கள் சாப்பிடுவதை மட்டும் பார்த்துவிட்டுப் போனவர் அவர் ஒருவர்தான். பெயரை எழுதப் போவதில்லை. அவருடைய சொந்தக்காரர்கள் பங்சாரில் இருக்கிறார்கள், நல்ல மனிதர்கள், தீபாவளிக்குத் தவறாமல் முறுக்கு அனுப்புகிறார்கள். எனக்கு அவர் டாக்டர். அது போதும்.

சட்டைக் கையை எப்போதும் முழங்கைவரை மடித்துவிட்டிருப்பார். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் கை கழுவ இடம் கேட்பார். கழுவிவிட்டு வந்து எதையும் தொடாமல் உட்காருவார். ஞாயிற்றுக்கிழமை மதியம், சரியாக நாங்கள் சோற்றில் கை வைக்கிற நேரமாகப் பார்த்து அவருடைய காடி வாசலில் வந்து நிற்கும். "பசியாறுங்க, பசியாறுங்க. நான் சும்மா உக்காந்திருக்கேன்" என்று நாற்காலியை மேசைக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொள்வார். அப்புறம் பார்ப்பார். எவ்வளவு சோறு, எத்தனை வாய், எப்போது தண்ணீர், எதை ஒதுக்குகிறார்கள் என்று ஒன்று விடாமல் பார்ப்பார். கல்யாண வீடுகளிலும் அவர் பந்தியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. தூணோரம் நின்று பந்தியையே பார்த்துக்கொண்டிருப்பார். சாப்பாட்டில் ஏதோ குறை கண்டுபிடிக்கிறார் என்று பெண் வீட்டுக்காரர்கள் சமையல்கட்டுக்கு ஓடுவார்கள்.

இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை மதியம் தனியாகத் தட்டு வைத்து உட்கார்ந்தால் எதிர் நாற்காலியில் அவர் இருப்பதுபோல் எனக்குத் தோன்றுகிறது. பயமில்லை, ஆனால் சோறு இறங்குவதில்லை. அதனால் அந்த ஒரு நாள் மட்டும் சமையலறையில் நின்றபடியே சாப்பிட்டு முடித்துவிடுகிறேன்.

என் வீட்டுக்காரர் போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டியவர். கல்யாணமான நாளிலிருந்தே அவருக்கு வயிற்றுவலி. பசித்தால் வலிக்கும், எதையாவது தின்றால் அடங்கும், தூங்கினால் எழுப்பும். வயிற்றுக்கு அடுத்தாற்போல் குடல் ஆரம்பிக்கிற இடத்தில் ஆறாத புண் என்றார்கள். லோரியில் எப்போதும் ஒரு பிஸ்கட் பொட்டலமும் வெள்ளை மருந்து போத்தலும் இருக்கும். ஒரு நாள் துறைமுக வாசலிலேயே கறுப்பாக வாந்தியெடுத்து விழுந்துவிட்டார். ரத்தம் ஏற்றி ஆளை நிலைக்குக் கொண்டுவந்த பிறகு, இந்த டாக்டர் கட்டிலோரம் வந்து நின்றார்.

"ஆப்பரேஷன் செஞ்சுதான் ஆகணும். ரெண்டு விதமா செய்யலாம்" என்று இடது கையைப் பை மாதிரிக் குவித்துக் காட்டினார். "வயித்துல பெரும்பங்கை வெட்டி எடுத்துட்டு மிச்சத்தைக் குடலோட தைக்கிறது ஒண்ணு. அமிலம் சுரக்கிற இடமே போயிடும், புண்ணு திரும்ப வர்றது ரொம்ப அபூர்வம். ஆனா சாப்பாடு தங்க இடமில்லாம நேரா குடல்ல போய் விழும். இன்னொண்ணு, வயித்தை வெட்டாம, அமிலத்தைச் சுரக்கச் சொல்ற நரம்போட சின்னச் சின்னக் கிளைய மட்டும் தேடித் தேடி வெட்டறது. வயிறு முழுசா இருக்கும், பழையபடி சாப்பிடலாம். ஆனா சில பேருக்குப் புண்ணு திரும்பிடுது. நடுவுல வேற வகையும் இருக்கு, அதுல ரெண்டு தொல்லையும் கொஞ்சம் கொஞ்சம்."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "நீங்க எது செஞ்சாலும் சரி டாக்டர்" என்றார்.

"நான் செய்யறேன். எது வேணும்னு நீங்க சொல்லணும்."

"எனக்கு என்னா டாக்டர் தெரியும்?"

நம் ஆட்கள் டாக்டரிடம் வேறு எப்படிப் பேசுவார்கள்? டாக்டர்தான் முடிவெடுத்தார். லோரி ஓட்டுகிற ஆள், ஹைவேயில் மறுபடி ரத்தம் கக்கினால் யார் பார்ப்பது என்று பெரிய ஆப்பரேஷனையே செய்தார். புண் போய்விட்டது. சாகும்வரை அது திரும்பவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்த நாளில் எது மேல் என்று டாக்டர்களே இரண்டு கட்சியாக நின்றார்களாம். "முதலாவது புண்ணை ஜெயிச்சிட்டு ஆளைக் கைவிட்டுடும். ரெண்டாவது ஆளைக் காப்பாத்திட்டு புண்ணுக்குக் கதவைத் திறந்து வச்சிடும்" என்று எங்கள் டாக்டர் ஒருமுறை சொன்னார். அவர் இரண்டையும் செய்தவர். எது நல்லது என்று தெரியாமல் அவருக்கு நிம்மதி இல்லை. கிளினிக்கில் கேட்டால் எல்லாரும் ஒரே மாதிரி "நல்லாருக்கேன் டாக்டர்" என்றுதான் சொன்னார்கள். "வாய் பொய் சொல்லும்மா. தட்டு சொல்லாது" என்றார். அதனால்தான் செலாயாங், சாலாக் செலாத்தான், கிள்ளான் என்று தான் வெட்டித் தைத்தவர்களின் வீடு வீடாகப் போய் எதிரே உட்கார ஆரம்பித்தார்.

தட்டும் பொய் சொல்லும் என்று அவருக்குத் தெரியவில்லை.

ஆப்பரேஷனுக்குப் பிறகு என் வீட்டுக்காரரால் நாலு வாய்க்கு மேல் சாப்பிட முடியவில்லை. கொஞ்சம் கூடிப்போனால் கை கழுவுவதற்குள் நெஞ்சு அடித்துக்கொள்ளும், சட்டை நனைகிற அளவுக்கு வியர்க்கும், கண் இருட்டும், படுத்தே ஆக வேண்டும். அரை மணி நேரத்தில் சரியாகிவிடும். இனிப்பு பட்டால் இன்னும் மோசம். உலர்ந்த சோறு கொஞ்சம், தண்ணீர் இல்லாமல், ஒரு நாளைக்கு ஆறேழு தடவை என்று நாங்களாகவே ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டோம். அது வாழ்க்கைதான். லோரி ஓட்டினார், மகளைப் படிக்க வைத்தார். ஆனால் ஒரு விருந்தில்கூட உட்கார்ந்ததில்லை.

முதல் தடவை டாக்டர் வந்து எதிரே உட்கார்ந்தபோது இந்த மனுஷன் செய்ததை என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். தட்டை என் பக்கம் நீட்டி, "இன்னும் போடு" என்றார். போட்டேன். ஆட்டுக்கறிக் குழம்பு ஊற்றச் சொன்னார். ரசம் கேட்டார். பாயாசத்தை இரண்டு கிண்ணம் குடித்தார். டாக்டர் முகம் மலர்ந்துகொண்டே போயிற்று. கை கழுவிவிட்டு என் வீட்டுக்காரர், "வெத்தலை வாங்கிட்டு வந்துடறேன் டாக்டர், சாப்பிட்டா போடணும் எனக்கு" என்று பின்வாசல் வழியாகப் போனார். அவர் வெற்றிலை போட்டு நான் அன்றுவரை பார்த்ததில்லை.

ஓடிப்போய்ப் பார்த்தால், பக்கத்து வீட்டுச் சீன அக்காவின் சமையலறையில், சிமெண்டுத் தரையில் கண்ணை மூடிக் கிடக்கிறார். உதடு வெளுத்து, வேர்வை ஓடுகிறது. அக்கா பதறிப்போய் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள். "போ, டாக்டர் தனியா இருக்காரு, பேச்சுக் குடு" என்று இவர் கண்ணைத் திறக்காமலே என்னை விரட்டினார். வந்து பேசினேன். டாக்டர் மீன் விலை கேட்டார், மகளின் பள்ளிக்கூடம் பற்றிக் கேட்டார். முக்கால் மணி நேரம் கழித்து அந்த மனுஷன் முகம் கழுவி, பவுடர் பூசி, கையில் வெற்றிலையோடு வாசல் பக்கமாக நடந்து வந்தார். "சாப்பிட்ட கையோட இவ்வளவு தூரம் நடக்கறீங்களே" என்று டாக்டர் அவர் தோளைத் தட்டினார்.

அன்று இரவு சண்டை போட்டேன். "எதுக்கு இந்த நாடகம்? அவர் நிஜத்தைத் தெரிஞ்சுக்கத்தானே வர்றாரு?"

"உசிரக் குடுத்தவரு வீடு தேடி வந்து உக்காந்திருக்காரு. அவரு கண்ணு முன்னால கோழி கொத்தற மாதிரி கொத்தச் சொல்றியா? அவரு மனசு என்னா ஆவும்?"

"அவர் மனசுக்காக நீங்க சாகணுமா?"

"சாகல லா. படுத்தா சரியாப் போவுது."

நன்றி என்று அவர் அதற்குப் பெயர் வைத்திருந்தார். எனக்கு வேறு பெயர்தான் வாயில் வந்தது. ஆனால் அதற்கப்புறம் அது வழக்கமாகிவிட்டது. இளைத்தது தெரியக்கூடாதென்று டாக்டரின் காடியைப் பார்த்ததும் ஒரு சட்டைமேல் இன்னொரு சட்டை போட்டுக்கொள்வார். சீன அக்கா சமையலறையில் ஒரு கேன்வாஸ் கட்டிலே போட்டு வைத்துவிட்டாள். பின்வாசலில் அவர் தலையைக் கண்டதும், "டாக்டர் டாத்தாங் லாகி?", டாக்டர் மறுபடி வந்துவிட்டாரா, என்று மலாயில் கேட்டுக்கொண்டே கட்டிலை விரிப்பாள். நானும் அவளும் சிரித்த நாளெல்லாம் உண்டு. ஒரு தடவை ஆஸ்பத்திரியில் சாலாக் செலாத்தான் பெண் ஒருத்தியைப் பார்த்தேன். அவள் புருஷனுக்கும் அதே ஆப்பரேஷன், அதே டாக்டர். "உங்க வீட்டுக்கும் வர்றாரா அக்கா? எங்க வீட்டுக்காரரு கக்கூஸ்ல போய் உக்காந்துக்குவாரு. வயித்தால போவுதுன்னு சொன்னாலும் சொல்லுவாரு, மயக்கம்னு சொல்ல மாட்டாரு" என்றாள். அவளோடும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அப்படியென்றால் எந்த வீட்டிலும் யாரும் அவர் முன்னால் நிஜமாகச் சாப்பிடவில்லை.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு தீபாவளிச் சமயம் துணி எடுக்கப் போயிருந்தோம். வாழையிலைக் கடை வாசலில் டாக்டர் எங்களைப் பார்த்துக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்விட்டார். எங்களுக்கு இலை போடச் சொல்லிவிட்டு அவர் பாலில்லாத ஒரு தே ஓ மட்டும் வைத்துக்கொண்டார். பக்கத்து மேசை ஆள் ஒருவரைக் கண்ணால் காட்டினார்.

"அந்தக் கட்டம்போட்ட சட்டை. குழம்பைச் சேர்க்காம சோத்தை உதிர்த்து உதிர்த்துச் சாப்பிடறாரு, பாருங்க. தண்ணியைத் தொடல. இப்ப எழுந்திரிச்சுக் காடிக்குப் போய்ச் சாஞ்சுக்குவாரு. யாரோ வயித்தைக் கன்னாபின்னான்னு தச்சிருக்காங்க."

அந்த ஆள் அப்படியே எழுந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்க் காடியின் சீட்டைச் சாய்த்துப் படுத்தார். டாக்டர் வருத்தத்தோடு தலையாட்டினார். என் வீட்டுக்காரர் அதே நேரத்தில் அவருக்கு நேர் எதிரே, மேலுதட்டில் வேர்வை முத்து முத்தாக நிற்க, இரண்டாவது தடவை சோறு வாங்கிக்கொண்டிருந்தார். அது டாக்டர் கண்ணில் படவில்லை. முன்பின் தெரியாதவனை ஒரே பார்வையில் கண்டுபிடித்த மனிதர், தான் தைத்த வயிற்றை மட்டும் பார்க்கவே இல்லை. அன்றைக்குத்தான் எனக்கு அவர்மேலும் கோபம் வந்தது.

டாக்டருக்கு ஒரு தம்பி. பள்ளி ஆசிரியர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். டாக்டரின் மனைவி போன பிறகு அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். தம்பிதான் சமையல். நண்டுக் குழம்பு வைத்தால் தெருவே திரும்பிப் பார்க்கும் என்று டாக்டர் பெருமையாகச் சொல்வார். அந்தத் தம்பிக்கும் அதே புண் என்பது எங்களுக்குத் தெரியாது. ஒரு நாள் சாயந்திரம், வழக்கமில்லாத நேரத்தில், டாக்டர் வந்து நின்றுகொண்டே கேட்டார்.

"ஒரே ஒரு கேள்வி. மறைக்காம சொல்லுங்க. முக்கியமான ஒருத்தருக்கு எந்த ஆப்பரேஷன்னு முடிவு பண்ணணும். உங்களுக்குச் சாப்பாட்டுல கஷ்டம் ஏதாவது இருக்கா?"

"கல்லைத் தின்னாலும் செரிக்குது டாக்டர்" என்றார் என் வீட்டுக்காரர்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். கேட்டால் சொல்லிவிடுவது என்றுதான் இருந்தேன். "மக ஸ்கூல்ல எந்தப் பாரம்மா இப்ப?" என்று கேட்டார். புருஷன் உட்கார்ந்திருக்கும்போது முந்திக்கொண்டு பேசுகிற பழக்கம் எனக்கு இல்லை. மூன்றாம் பாரம் என்றேன்.

தம்பிக்குப் பெரிய ஆப்பரேஷனே நடந்தது. சொந்த ரத்தம் என்பதால் டாக்டர் கத்தியைத் தொடவில்லை, கூட வேலை செய்தவர் செய்தார். முடிவு மட்டும் இவருடையது. சில மாதங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பியையும் எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தார். சட்டை அந்த மனிதர்மேல் ஆணியில் மாட்டியதுபோல் தொங்கியது.

"நல்லாப் பாரு. உனக்குச் செஞ்ச அதே ஆப்பரேஷன்தான் இவருக்கும். எப்படிச் சாப்பிடறாரு? உனக்கு மனசுல தைரியம் இல்ல, அவ்வளவுதான்" என்றார் டாக்டர்.

என் வீட்டுக்காரர் கையைச் சோற்றில் வைத்தபடி அப்படியே இருந்தார். இப்போதாவது சொல்லுங்கள் என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட ஆரம்பித்தார். முழுத் தட்டும் சாப்பிட்டார். வெற்றிலைக்கு எழுந்தார். தம்பி அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நானும் கூடப் போய்ட்டு வரேன் அண்ணே" என்று பின்னாலேயே போனார்.

நான் சாக்கடைக்குத் தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் போய்ப் பார்த்தேன். கேன்வாஸ் கட்டிலில் என் வீட்டுக்காரர் கிடந்தார். தம்பி கீழே தரையில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்திருந்தார்.

"எத்தனை வருஷமா?" என்று தம்பி கேட்டார்.

"மொதல்லேர்ந்தே சார். மன்னிச்சிருங்க சார். உங்களுக்குன்னு தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பேன்."

"இனிமே சொல்லாதீங்க. எங்கண்ணன் தாங்க மாட்டாரு" என்றார் தம்பி.

இரண்டு பேரும் சேர்ந்தே வெற்றிலையோடு திரும்பி வந்தார்கள். அன்றிலிருந்து தம்பி நன்றாகச் சாப்பிடுகிறான் என்று டாக்டர் எங்களிடம் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டார். தினமும் இரண்டு வேளை, அதே மேசையில், எதிரும் புதிருமாக. சாப்பிட்டதும் தம்பி மாடிக்குப் போய் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொள்வானாம்.

கொஞ்ச காலத்தில் அந்தப் புண்ணுக்குக் காரணம் ஒரு கிருமி என்று கண்டுபிடித்தார்கள். சில நாள் மாத்திரை போட்டால் போயிற்று, கத்தியே வேண்டாம் என்றார்கள். அதைச் சொல்ல வந்த டாக்டர் அன்று மேசைக்கு எதிரே உட்காரவில்லை. "அப்ப அது தெரியாதும்மா. தெரிஞ்ச ரெண்டுல எது நல்லதுன்னு வீடு வீடாப் போய்ப் பார்த்து, நல்லதைத்தான் செஞ்சேன். அது ஒண்ணுதான் எனக்கு மிச்சம்" என்றார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையில், வாயைத் திறக்காதே என்று இருந்தது. நான் திறக்கவில்லை.

என் வீட்டுக்காரர் எழுபதைத் தொடாமல் இதயம் நின்று போனார். அதற்கு அடுத்த மழைக்காலத்தில் தம்பி, எலும்பும் தோலுமாகி, நுரையீரல் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். மூக்கு வழியாகச் சாப்பாட்டுக் குழாய் போட்டபோது அண்ணனைக் கூப்பிட்டு, "அண்ணே, இனிமே நான் சாப்பிட வேண்டாம்தானே?" என்று கேட்டாராம். அவ்வளவுதான் கேட்டார். கேட்கும்போது முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்துத்தான் டாக்டருக்கு எல்லாம் புரிந்தது.

இதை டாக்டரே என்னிடம் சொன்னார். வயதாகி, காடி ஓட்ட முடியாமல், ஒரு டிரைவரோடு வந்திருந்தார். பேச்சு இடையிடையே பழைய காலத்துக்குப் போய்விட்டு வந்தது. தம்பி போன பிறகு மறுபடியும் எல்லா வீட்டுக்கும் போனாராம். இப்போதாவது நிஜத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டாராம். இடிந்துபோய் வந்து நிற்கிற கிழவரிடம் யார் சொல்வார்கள்? உயிரோடு இருந்தவர்களெல்லாம் அவரை உட்கார வைத்து, இலை போட்டு, மறுபடியும் வயிறாரச் சாப்பிட்டுக் காட்டினார்களாம்.

"யாருமே சொல்ல மாட்டேங்கறாங்கம்மா. இத்தனை வருஷம் இங்க உக்காந்து உங்ககிட்ட மீன் விலை கேட்டேன். இதை ஒரு தடவகூடக் கேக்கல. இப்பக் கேக்கறேன். அவர் எப்படிச் சாப்பிட்டாரு?"

எனக்கும் பொய்தான் முதலில் வாயில் வந்தது. அதை விழுங்கிவிட்டுச் சொன்னேன். முதல் நாள் பாயாசத்திலிருந்து, இரண்டு சட்டை, கேன்வாஸ் கட்டில், தம்பி தரையில் உட்கார்ந்தது வரைக்கும் சொன்னேன். ஆரம்பத்தில் கோபமாகத்தான் சொன்னேன், போகப் போக அழுகை வந்துவிட்டது. டாக்டர் அழவில்லை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். சட்டைக் கையை இன்னும் ஒரு மடிப்பு மேலே ஏற்றினார். அப்புறம் கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

"எவ்வளவு நேரத்துல வேர்க்கும்?"

"கை கழுவறதுக்குள்ள ஆரம்பிச்சிடும் டாக்டர்."

"நெஞ்சு படபடப்பு?"

"இருக்கும். என் கையை எடுத்து வச்சுப் பாக்கச் சொல்வாரு."

"இனிப்புல அதிகமா?"

"பாயாசம்தான் ரொம்ப மோசம்."

"படுத்தா கேக்குதா?"

"படுத்தாத்தான் கேக்கும் டாக்டர்."

வார்டில் நான் கேட்ட அதே குரல். ஒவ்வொரு பதிலுக்கும் தலையை ஆட்டிக்கொண்டார். முகத்தில் பல வருஷமாக நான் பார்க்காத ஒரு தெளிவு வந்திருந்தது. கடைசியில் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசினார்.

"இது சரி பண்ணக்கூடியதும்மா. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? தச்ச இடத்தைப் பிரிச்சு, குடலை வேற மாதிரி திருப்பித் தச்சா பெரும்பாலும் அடங்கிடும். வர்ற வாரம் உங்க வீட்டுக்காரரை வார்டுக்கு அழைச்சிட்டு வாங்க. தம்பியையும் அன்னிக்கே வரச் சொல்லிடறேன்."

வாசலில் நின்ற டிரைவர் என்னைப் பார்த்தார். டாக்டர் என் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

"சரி டாக்டர். வெறும் வயித்தோட கூட்டிட்டு வரணுமா?" என்று கேட்டேன்.

"ஆமாம்மா" என்றார். "அவர் கேட்டாலும் ஒண்ணும் குடுக்காதீங்க. சாப்பிட வேண்டாம்னு நானே சொன்னேன்னு சொல்லுங்க."